கல் சுவருக்கு வண்ணம்: எனக்கு மட்டும் ஏன் சிமெண்ட் மாதிரி வருகிறது?

புதுத்தூரிகை:

வணக்கம். மினியேச்சர்களுக்கு (சின்னப் பொம்மை உருவங்களுக்கு) வண்ணம் தீட்டத் தொடங்கி நான்கு மாதம் ஆகிறது. துணி, தோல், கவசம் எல்லாம் ஓரளவு கைக்கு வந்துவிட்டன. கல்லில்தான் மாட்டிக்கொண்டு நிற்கிறேன்.

28 மி.மீ. உயர உருவங்களுக்கான ஒரு இடிந்த கோபுரம், கூடவே உருவங்களை நிறுத்தும் ஐந்து வட்ட அடித்தட்டுகள். நான் செய்தது இதுதான்: கருப்பு பிரைமர் (வண்ணம் ஒட்டுவதற்கான முதல் பூச்சு), அதன் மேல் நடுத்தரச் சாம்பல், பிறகு கருப்பு வாஷ் (இடுக்குகளில் இறங்கும் நீர்த்த வண்ணம்), அது காய்ந்ததும் வெளிர் சாம்பலில் டிரை பிரஷ் (பிரஷில் வண்ணத்தைப் பெரும்பாலும் துடைத்துவிட்டு மேடுகளில் மட்டும் தேய்ப்பது), கடைசியாக வெள்ளையில் இன்னொரு டிரை பிரஷ். பார்த்த வீடியோக்கள் எல்லாவற்றிலும் இதே வரிசைதான்.

ஆனால் கோபுரம் மொத்தமும் ஒரே வார்ப்பாக, சிமெண்டில் ஊற்றி எடுத்தது போல நிற்கிறது. விளிம்புகளில் சுண்ணாம்புத் தூள் ஒட்டியது போல வெண்மை. தட்டையான இடங்களில் வாஷ் வட்டம் வட்டமாகக் காய்ந்து கறையாகிவிட்டது. படங்கள் போட்டிருக்கிறேன். எங்கே தவறுகிறேன் என்று சொல்லுங்கள்.

கல்லோவியன்:

படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். வரிசையில் தவறில்லை. மூன்று வெவ்வேறு சிக்கல்கள் ஒரே மாடலில் சேர்ந்திருக்கின்றன: நிறம், டிரை பிரஷ், வாஷ். நிறத்திலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அது சரியில்லாவிட்டால் மற்ற இரண்டையும் எவ்வளவு நன்றாகச் செய்தாலும் சிமெண்டாகத்தான் தெரியும்.

கல் சாம்பல் நிறம் என்று நாம் மனதுக்குள் முடிவு செய்துவிட்டுப் புட்டியைத் திறக்கிறோம். வெளியே போய்க் கையளவு கல் ஒன்றை எடுத்து வந்து மேசை விளக்கின் கீழ் வையுங்கள். பக்கத்தில் உங்கள் சாம்பல் வண்ணத்தை ஒரு காகிதத்தில் பூசி வையுங்கள். இதை எழுதும்போது என் மேசையிலும் ஒரு கல் இருக்கிறது. தூரத்திலிருந்து சாம்பல்தான். கிட்டே பார்த்தால் மண்ணில் புதைந்திருந்த பக்கம் செம்மண் நிறத்தில் கறை பிடித்திருக்கிறது. மேல்பக்கம் வெளிறி, கொஞ்சம் மஞ்சள் கலந்து இருக்கிறது. ஒரு விரிசலுக்குள் மட்டும் பச்சை. உடைந்த மூலையில் மட்டும் நீலம் ஓடிய சாம்பல். நம் சாம்பல் காகிதம் இதன் பக்கத்தில் பிளாஸ்டிக் துண்டு போலக் கிடக்கிறது.

கருப்பையும் வெள்ளையையும் மட்டும் கலந்தால் பெரும்பாலும் நீலச்சாயல் கொண்ட, உயிரில்லாத சாம்பல்தான் கிடைக்கும். அதற்குப் பதிலாக பர்ன்ட் அம்பர் பழுப்பையும் அல்ட்ராமரின் நீலத்தையும் கலந்து பாருங்கள். இரண்டும் சேர்ந்தால் கருப்புக்கு நெருக்கமான ஓர் இருட்டு வரும். அதில் வெள்ளை சேர்க்கச் சேர்க்கச் சாம்பல். பழுப்பைக் கூட்டினால் வெயிலில் கிடந்த கல், நீலத்தைக் கூட்டினால் நிழலில் கிடந்த கல். இரண்டே புட்டியில் ஐந்தாறு சாம்பல்கள் கிடைத்துவிடும், எல்லாம் ஒரே குடும்பத்து நிறமாகவும் இருக்கும். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: அக்ரிலிக் காய்ந்ததும் ஒரு படி இருண்டுவிடும். ஈரத்தில் பார்த்து முடிவு செய்யாதீர்கள்.

அப்புறம், சுவர் முழுவதற்கும் ஒரே நிறம் போடாதீர்கள். அடிப்படை நிறம் பூசியதும் நூறு கற்களில் பத்துப் பதினைந்தைத் தேர்ந்தெடுத்து, சிலவற்றுக்கு மஞ்சள் காவி கலந்த சாம்பல், சிலவற்றுக்குப் பழுப்புச் சாம்பல், இரண்டு மூன்றுக்கு நீலச்சாம்பல் கொடுங்கள். ஒரே நிறம் இரண்டு கற்களில் அடுத்தடுத்து வராமல் பாருங்கள். அந்த நிலையில் சுவர் கட்டம் போட்ட துணி போலத் தெரியும், பயமாக இருக்கும். விட்டுவிடுங்கள். மேலே வாஷும் டிரை பிரஷும் ஏறியதும் அந்த வேறுபாடு அடங்கி, ‘இது தனித்தனிக் கற்களால் கட்டிய சுவர்’ என்று கண்ணுக்கு மட்டும் சொல்லும். உங்கள் கோபுரத்தில் இல்லாதது இந்த ஒரு படிதான் என்று நினைக்கிறேன்.

புதுத்தூரிகை:

நன்றி அண்ணா. கல்லை எடுத்து வைத்துப் பார்க்கத் தோன்றவே இல்லை. டிரை பிரஷ் பற்றியும் சொல்லுங்கள். அந்தச் சுண்ணாம்புத் தூள் எப்படி வருகிறது? டிஷ்யூவில் நன்றாகத் துடைத்துவிட்டுத்தான் பூசினேன்.

கல்லோவியன்:

துடைத்தது சரி. ஆனால் முற்றிலும் காய்ந்த பிரஷில், காய்ந்துகொண்டிருக்கும் வண்ணத்தை எடுத்துத் தேய்த்தால் அது பூச்சாக ஒட்டாமல் துகளாக உதிர்ந்து ஒட்டும். அதுதான் நீங்கள் பார்க்கும் தூள். ஒரு ஸ்பாஞ்சை நனைத்துப் பிழிந்து பக்கத்தில் வையுங்கள். பிரஷ் நுனியை முதலில் அதில் ஒரு முறை தொடுங்கள், பிறகு வண்ணம், பிறகு டிஷ்யூவுக்குப் பதில் ஒரு மரத்துண்டிலோ பழைய அட்டையிலோ தேய்த்துக் கழியுங்கள். டிஷ்யூ ஈரம் முழுவதையும் உறிஞ்சிவிடுகிறது. உங்கள் புறங்கையில் ஒரு முறை இழுத்தால் தோலின் ரேகைகளில் மட்டும் வண்ணம் பிடிக்க வேண்டும், அதுதான் அளவு.

பிரஷ் பெரியதாக, மென்மையாக, நுனி உருண்டையாக இருக்கட்டும். முகத்துக்குப் பவுடர் பூசும் மேக்கப் பிரஷ் இதற்கு அருமையானது. சின்ன, விறைப்பான பிரஷ் கோடு கோடாக இழுத்துவிடும். ஒரே திசையில் தேய்க்காமல் சின்ன வட்டங்களாகத் தேய்த்தால் அந்தக் கோடுகளும் வராது.

இன்னொன்று. வெள்ளை வேண்டாம். கடைசி டிரை பிரஷுக்கு யானைத் தந்தத்தின் நிறமோ, அடிப்படைச் சாம்பலோடு வெளிர் மஞ்சள் கலந்ததோ போதும். அதையும் மேல்நோக்கிய விளிம்புகளுக்கு மட்டும் கொடுங்கள். வெளிச்சம் மேலிருந்து வருகிறது, கல்லின் அடி விளிம்பும் மேல் விளிம்பு அளவுக்கு மின்னினால் கண் நம்பாது.

நீலச்சாம்பல்:

டிரை பிரஷ் பற்றிச் சொன்னது அத்தனையும் சரி. வாஷ் பற்றி மட்டும் நான் வேறு பக்கம் நிற்கிறேன்.

புதுத்தூரிகை, உங்கள் கறைகள் வாஷ் குட்டையாகத் தேங்கியதால் வந்தவை. குட்டை ஓரத்திலிருந்து காயத் தொடங்கும், நிறமிகள் எல்லாம் ஓரத்துக்கு நகர்ந்து வளையமாகப் படியும். தேநீர்க் கோப்பை வைத்த இடத்தில் வருகிற அதே வளையம். இதற்குக் கைவசம் உள்ள மருந்து: மாடல் முழுவதையும் நனைக்காமல் இடுக்குகளில் மட்டும் வாஷை விடுங்கள். தட்டையான இடத்தில் தேங்கினால் காய்வதற்கு முன் சுத்தமான ஈரப் பிரஷால் உறிஞ்சி எடுங்கள். வாஷில் துளி அளவு பாத்திரம் கழுவும் திரவத்தைக் கரைத்த நீரைச் சேர்த்தால் பரப்பு இழுவிசை குறைந்து, தேங்காமல் இடுக்குக்குள் ஓடும். அரைகுறையாகக் காய்ந்த வாஷை மட்டும் தொடாதீர்கள், தோல் போலக் கிழிந்து வரும்.

ஆனால் கோபுரம் மாதிரிப் பெரிய பரப்புக்கு நான் அக்ரிலிக் வாஷையே எடுப்பதில்லை. ஆயில் வாஷ்தான். குழாயில் வரும் ஆயில் பர்ன்ட் அம்பரில் ஒரு சொட்டு கருப்பு, ஒயிட் ஸ்பிரிட் (ஆயில் வண்ணத்தைக் கரைக்கும் திரவம்) சேர்த்துத் தண்ணீர் போலக் கரைத்து, இடுக்கில் பிரஷ் நுனியைத் தொட்டால் போதும். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் அது தானாக ஓடிப் பிடித்துக்கொள்வதைப் பார்க்கவே ஆசையாக இருக்கும். மெல்லக் காயும் என்பதால் அரை மணி நேரம் கழித்துக்கூட, ஸ்பிரிட்டில் லேசாக நனைத்த காது துடைக்கும் பஞ்சால் கல்லின் முகத்தைத் துடைத்து எடுக்கலாம். மேலிருந்து கீழாகத் துடைத்தால் மழை வழிந்த தடமும் கிடைத்துவிடும். அடியில் அக்ரிலிக் நன்றாகக் காய்ந்து, அதன் மேல் ஒரு பூச்சு வார்னிஷ் இருந்தால் ஸ்பிரிட் அதை அசைக்காது. ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு செய்யுங்கள், கையுறையும் போடுங்கள்.

கல்லோவியன்:

> பெரிய பரப்புக்கு நான் அக்ரிலிக் வாஷையே எடுப்பதில்லை

உங்கள் ஆயில் வேலைகளைப் பார்த்திருக்கிறேன், மறுத்துப் பேச ஒன்றுமில்லை. ஆனால் நான்கு மாதம் ஆனவருக்கு வார்னிஷ், ஸ்பிரிட், ஒரு நாள் காத்திருப்பு என்றால் கோபுரம் அலமாரிக்குப் போய்விடும். பழுப்பு வாஷை வாங்கி, பாதிக்குப் பாதி மீடியம் (நிறமில்லாத அக்ரிலிக் திரவம்) சேர்த்து இடுக்கில் மட்டும் விடட்டும். வெறும் தண்ணீர் சேர்ப்பதைவிட மீடியம் சேர்த்தால் கறை குறையும். இரண்டாவது கோபுரத்துக்கு ஆயில்.

நீலச்சாம்பல்:

சரி, அது நியாயம். ஆனால் கருப்பு வாஷ் வேண்டாம் என்பதிலாவது நாம் இருவரும் ஒன்றுதானே! இடுக்கில் கருப்பு விட்டால் ஒவ்வொரு கல்லையும் பேனாவால் சுற்றி வரைந்தது போல ஆகிவிடும். அடர் பழுப்புதான் நிழலாகவும் அழுக்காகவும் ஒரே நேரத்தில் தெரியும்.

ரயில்பாதை87:

நான் 1/87 அளவில் ரயில் நிலக்காட்சிகள் செய்பவன். ஒன்று சேர்க்கிறேன்: வண்ணத்துக்கு முன்னால் பரப்பு. வழவழப்பான பிளாஸ்டிக்கில் டிரை பிரஷ் பிடிக்க எதுவும் இல்லை. கல்லுக்குச் சொரசொரப்பு வேண்டும்.

சுவரை நீங்களே செய்வதானால் நெருக்கமான, கெட்டியான ஃபோம் பலகையை எடுத்து, பால்பாயிண்ட் பேனாவால் கல் வரிசைகளைக் கீறுங்கள். பிறகு அலுமினியத் தாளை லேசாகக் கசக்கி உருண்டையாக்கி அந்தப் பரப்பின் மேல் உருட்டி அழுத்துங்கள். பத்து விநாடியில் கல்லின் முகம் வந்துவிடும். உருண்டையை அவ்வப்போது திருப்புங்கள், இல்லையென்றால் ஒரே பள்ளம் திரும்பத் திரும்பத் தெரியும். ஏற்கெனவே வார்த்த பிளாஸ்டிக் சுவர் என்றால் வெள்ளைக் கோந்தில் மிக மெல்லிய மணலைக் கலந்து திட்டுத் திட்டாகத் தடவலாம், அல்லது அடிப்படை வண்ணத்திலேயே கொஞ்சம் சமையல் சோடாவைக் கலந்து குத்திக் குத்திப் பூசலாம்.

ஃபோமில் ஒரு பெரிய எச்சரிக்கை. ஒரு சுரங்க வாயிலை இரண்டு வாரம் உட்கார்ந்து, ஒவ்வொரு கல்லாகக் கீறினேன். அவசரத்தில் அதன் மேல் நேராக ஸ்ப்ரே பிரைமர் அடித்தேன். கண் முன்னாலேயே கற்களின் விளிம்புகள் உருகி உள்ளே இழுத்துக்கொண்டன. ஸ்ப்ரேயில் இருக்கும் கரைப்பான், ஃபோமின் பிளாஸ்டிக்கான பாலிஸ்டைரீனைத் தின்றுவிடும். இப்போது முதலில் வெள்ளைக் கோந்தும் கருப்பு அக்ரிலிக்கும் கலந்து இரண்டு பூச்சு, ஒரு இடுக்கு விடாமல். அது காய்ந்த பிறகும் நான் பிரஷில்தான் பூசுகிறேன்.

புதுத்தூரிகை:

என்னுடையது வார்த்த பிளாஸ்டிக்தான். சமையல் சோடா முறையை ஒரு அடித்தட்டில் சோதித்துப் பார்க்கிறேன். இன்னொரு சந்தேகம்: கல்லுக்குக் கல் வகை வேறல்லவா? கிரானைட், மணற்கல் என்று குறிப்பிட்டுத் தீட்ட முடியுமா, அல்லது அதெல்லாம் அனுபவம் உள்ளவர்களுக்கானதா?

கல்லோவியன்:

அனுபவம் தேவையில்லை, அந்தக் கல் எப்படி உருவானது என்று தெரிந்தால் கை தானாகப் போகும்.

மணற்கல் அடுக்கடுக்காகப் படிந்து உருவானது. அடிப்படை மஞ்சள் காவியும் பழுப்பும். நீர்த்த வண்ணத்தில் கிடைமட்டமாக, ஒன்றுக்கொன்று முற்றிலும் இணையாக இல்லாத மெல்லிய பட்டைகள் இழுங்கள். விளிம்புகள் மழுங்கியிருக்க வேண்டும், அதனால் கூர்மையான ஹைலைட் (வெளிச்சக் கோடு) வேண்டாம். ஸ்லேட் தகடு தகடாகப் பிளப்பது. நீலச்சாம்பல், இங்கொன்றும் அங்கொன்றுமாகப் பச்சையோ ஊதாவோ. இதற்குக் கூர்மையான விளிம்புதான் அழகு. சுண்ணாம்புக்கல் வெளிர் தந்த நிறத்தில் தொடங்கி, மழை நேராகக் கழுவாத, ஒதுங்கிய இடத்தில் கருமை பிடிக்கும்.

கிரானைட் பற்றிக் கொஞ்சம் அதிகம் சொல்ல வேண்டும், எனக்குப் பிடித்த கல். அது பூமிக்குள் மெல்லக் குளிர்ந்த பாறை, அதனால் படிகங்கள் கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு வளர்ந்திருக்கும்: கண்ணாடி போன்ற குவார்ட்ஸ், வெள்ளை அல்லது இளஞ்சிவப்பு ஃபெல்ட்ஸ்பார், கருப்பு மைக்கா. ஆக, அதன் நிறம் ஒன்று அல்ல, புள்ளிகளின் கூட்டம். நடுத்தரச் சாம்பல் பூசிக் காயவிடுங்கள். பழைய டூத் பிரஷில் தண்ணீர் விட்ட கருப்பைத் தொட்டு, மயிர்களை விரலால் பின்னுக்கு இழுத்து விடுங்கள். மெல்லிய தூறலாகத் தெறிக்கும். முதலில் காகிதத்தில் இரண்டு மூன்று முறை தெறிக்கவிட்டு, பெரிய சொட்டுகள் எல்லாம் விழுந்த பிறகு மாடலுக்குத் திருப்புங்கள். அது காய்ந்ததும் வெளிர் சாம்பல், அதன் பிறகு வேண்டுமானால் மங்கிய இளஞ்சிவப்பு.

இங்கே ஒரு கணக்கு முக்கியம். 28 மி.மீ. உருவம் ஏறக்குறைய 1/60 அளவு. உங்கள் மாடலில் 1 மி.மீ. புள்ளி என்றால் நிஜக் கல்லில் 6 செ.மீ. படிகம்! அதனால் தெறித்த புள்ளிகள் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத அளவில் இருக்கட்டும். பெரிதாக விழுந்ததை ஈரம் காயும் முன் விரலால் ஒற்றி எடுங்கள். தெறிப்பது பயமாக இருந்தால், ஸ்பாஞ்சில் ஒரு துண்டை வெட்டாமல் கிள்ளி எடுத்து, வண்ணம் தொட்டு, அட்டையில் ஒற்றிவிட்டு மாடலில் மெல்ல ஒற்றுங்கள். வெட்டிய ஸ்பாஞ்சு சதுர முத்திரை போட்டது போலக் காட்டிக்கொடுக்கும், கிள்ளியது காட்டாது.

பளிங்குப்பிரியை:

பளிங்கு பற்றி யாரும் பேசவில்லையே! எனக்கு அதுதான் உயிர். சுவரில் சாந்து பூசி, அதைப் பளிங்குப் பலகை போலத் தோன்ற வண்ணம் தீட்டும் வேலை பொம்பெய் வீடுகளிலேயே இருக்கிறது. நாம் செய்வது அவ்வளவு பழைய கலை.

புதிதாகத் தொடங்குபவருக்குக் கருப்புப் பளிங்கு வெள்ளையைவிட எளிது. கருப்பின் மேல், நன்றாக நீர்த்த அடர் சாம்பலில் மேகம் போல ஒழுங்கில்லாத திட்டுகள். பிறகு நுனி கூரான பிரஷில் வெளிர் சாம்பல் ரேகைகள். பிரஷைப் பென்சில் பிடிப்பது போல இறுக்கிப் பிடிக்காமல் பின்முனையில் பிடித்து, இழுக்கும்போது விரலுக்குள் லேசாக உருட்டுங்கள். கோடு தடித்தும் மெலிந்தும் நடுங்கியும் போகும், அந்த நடுக்கம்தான் நமக்கு வேண்டும்.

ரேகைகள் எல்லாம் பொதுவாக ஒரு மூலைவிட்டத் திசையில் ஓடட்டும். இரண்டாகப் பிரியலாம், ஒன்றை ஒன்று வெட்டலாம், ஆனால் நடுவில் தொடங்கி நடுவில் முடியும் ரேகை பூச்சி ஊர்ந்தது போல இருக்கும். விளிம்பிலிருந்து விளிம்புக்குப் போகட்டும், அல்லது மெலிந்து மெலிந்து மறையட்டும். தரையில் பல பலகைகள் இருந்தால் ஒவ்வொன்றிலும் திசையை மாற்றுங்கள், அப்போதுதான் தனித்தனியாக அறுத்துப் பதித்தவை என்று தெரியும். ரேகைகள் காய்ந்ததும் கருப்பை மிக மெல்லிய கிளேஸாக (அடியில் உள்ளது தெரியும் பூச்சாக) அவற்றின் மேல் ஓட்டுங்கள். பாதி ரேகைகள் கல்லுக்குள் மூழ்கிவிடும். அதன் மேல் சிலவற்றை மட்டும் திரும்ப வரையுங்கள். இப்போது பார்த்தால் ஆழம் இருக்கும்.

டிரை பிரஷ் கூடவே கூடாது. மெருகேற்றிய பரப்பில் சொரசொரப்பு ஏது? கடைசியில் பளபளப்பு வார்னிஷ் போடும் நிமிடம்தான் அது கல்லாக மாறுகிறது. அதுவரை நம்பிக்கை இழக்காதீர்கள்.

புதுத்தூரிகை:

ஒன்பது நாள் கழித்து வருகிறேன். கோபுரத்தை மேலேயே திருத்தாமல், முழுவதும் மறுபடி அடிப்படை நிறத்திலிருந்து தொடங்கினேன். அம்பரும் அல்ட்ராமரினும் கலந்த சாம்பல், பதினான்கு கற்களுக்கு வேறு நிறம், பழுப்பு வாஷ் இடுக்கில் மட்டும், ஈர ஸ்பாஞ்சு வைத்து டிரை பிரஷ். தூள் வரவே இல்லை. கறை ஒரே இடத்தில், அதையும் பாசியாக்கி மறைக்கலாம் என்று நினைக்கிறேன்.

கட்டம் போட்ட துணி போலத் தெரிந்த அந்த நிலையில் உண்மையிலேயே நிறுத்திவிடலாமா என்று தோன்றியது. அண்ணா முன்கூட்டியே சொல்லியிருந்ததால்தான் தொடர்ந்தேன்.

பாசியும் அழுக்கும் எங்கே வைப்பது? சும்மா அங்கங்கே பச்சை ஒற்றினால் போதுமா?

நீலச்சாம்பல்:

படம் பார்த்தேன், மனம் நிறைந்தது. இடது பக்கம் அந்தக் காவிக் கல் இரண்டும் பிரமாதம்.

பச்சையை ஒற்றும் முன் தண்ணீர் எங்கே நிற்கும், எங்கே வழியும் என்று விரலால் ஓட்டிப் பாருங்கள். அடிவாரத்தில் மண்ணை ஒட்டிய இரண்டு வரிசை, நிழலான மூலை, துருத்திய கல்லின் மேல்பக்கம், இதெல்லாம் பாசி. துருத்திய கல்லுக்குக் கீழே வழிந்த தடம், அதற்கு நீர்த்த அடர் பழுப்பில் செங்குத்தாக ஒரு கோடு, ஓரங்களை ஈரப் பிரஷால் மங்கவைக்க வேண்டும். இரும்பு வளையமோ கம்பியோ இருந்தால் அதன் கீழ் ஆரஞ்சுப் பழுப்பில் துருத் தடம். வெயில் படும் மேல் கற்களில் மங்கிய மஞ்சளிலோ வெளிர் பச்சையிலோ பொட்டுப் பொட்டாக நான்கைந்து திட்டு. நிஜக் கல்லில் லைக்கன் (பாறையில் ஒட்டி வளரும், பாசி போன்ற உயிர்) அப்படித்தான் வட்டமாகப் படரும். கோபுரத்தின் எந்தப் பக்கத்தை நிழலாக வைத்தீர்களோ அதையே கடைசிவரை மாற்றாதீர்கள்.

ரயில்பாதை87:

எல்லாம் முடிந்ததும் மேட் (பளபளப்பில்லாத) வார்னிஷ். புட்டியை நன்றாக, ஒரு முழு நிமிடமாவது குலுக்குங்கள். மேட்டாக்கும் பொருள் அடியில் தங்கிவிடும், குலுக்காமல் அடித்தால் பளபளக்கும் அல்லது வெள்ளையாகப் படியும். ஸ்ப்ரே என்றால் காற்றில் ஈரம் அதிகம் உள்ள நாளில் அடிக்காதீர்கள். தடிமனாக ஒரு முறை அடிப்பதைவிட மெல்லியதாக இரண்டு முறை.

புதுத்தூரிகை:

குறித்துக்கொண்டேன். கடைசியாக ஒன்று. அண்ணா சொன்னபடி எடுத்து வந்த கல் நேற்றுக் கை தவறி விழுந்து இரண்டாக உடைந்தது. வெளிப்பக்கம் பழுப்பு, உள்ளே பளிச்சென்று வெளிர் சாம்பல். என் கோபுரம் இடிந்த கோபுரம். உடைந்த முகங்களையும் அப்படி வெளிர் நிறமாக்க வேண்டுமா? இப்போது எல்லாம் ஒரே பழுப்பில் இருக்கிறது.

கல்லோவியன்:

அருமையான கேள்வி, இதை நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். கோபுரம் எப்போது இடிந்தது என்பதைப் பொறுத்தது. நூறு வருடம் முன்பு இடிந்தது என்றால் உடைந்த முகமும் மற்றக் கற்களைப் போலவே கருத்து, பாசி பிடித்துவிட்டிருக்கும், இப்போது இருப்பது சரி. சமீபத்தில் இடிந்தது என்றால் உடைந்த முகங்கள் வெளிறி, சுத்தமாக, விளிம்பு கூர்மையாக இருக்க வேண்டும். அங்கே பாசி ஒரு பொட்டும் கூடாது, தரையில் கிடக்கும் துண்டுகளிலும் அதே வெளிர் முகம் தெரிய வேண்டும்.

புதுத்தூரிகை:

அப்படியென்றால் என் கோபுரம் இன்று காலைதான் இடிந்தது. வெளிர் சாம்பலைக் கலந்துவிட்டேன், அடித்தட்டில் கிடக்கும் துண்டுகளிலிருந்து தொடங்குகிறேன்.